கோப்பைக்கு முன்னால்

பெரு நாட்டின் அமேசான் பகுதியில், உகயாலி ஆற்றங்கரையிலுள்ள புகல்பா ஊரிலும் அதற்கு வடக்கே இகீட்டோஸ் நகரத்தைச் சுற்றியும் அயாவாஸ்கா சடங்கு நடத்தும் மையங்கள் ஏராளம். தீராத மனச்சோர்வு, விடாத குடிப்பழக்கம், ஆறாத துக்கம் என்று ஏதோ ஒரு பாரத்தோடு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே போகிறார்கள். இடம் கேட்டு எழுதியதும் அவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வருவது ஒரு பட்டியல். பன்றி இறைச்சி கூடாது. உப்பு, சர்க்கரை, மிளகாய் கூடாது. நாள்பட்ட பாலாடைக்கட்டி கூடாது, புளிக்கவைத்த எதுவும் கூடாது. மது கூடாது, உடலுறவு கூடாது. இவற்றுக்கு நடுவே இன்னொரு வரியும் இருக்கும்: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

படிப்பவர் மறுநாளே மிளகாயை நிறுத்திவிடுகிறார். மாத்திரையைப் பற்றிச் சொல்லத்தான் தயங்குகிறார். சொன்னால் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பட்டியலிலுள்ள வரிகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சில ஒரு மக்களின் மரபிலிருந்து வந்தவை. சில வேதியியலிலிருந்து வந்தவை. ஒன்றிரண்டு, இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தவை. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சடங்குக்கான முதல் தயாரிப்பு.

முதலில் கஷாயத்தைப் பார்ப்போம். அயாவாஸ்கா இரண்டு செடிகளைச் சேர்த்துக் காய்ச்சுவது. ஒன்று, பானிஸ்டீரியாப்சிஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடி. முற்றிய தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே மடல் மடலாக, இதழ் விரிந்த பூப்போலத் தெரியும். அதை மரக்கட்டையால் நார் நாராகப் பிரியும்வரை அடித்து நசுக்குகிறார்கள். மற்றொன்று சக்ருனா; காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த புதர். அதன் இலையைத்தான் எடுக்கிறார்கள். நசுக்கிய கொடியையும் இலையையும் பெரிய பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, விறகடுப்பில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, வடித்து, மறுபடியும் சுண்டக் காய்ச்சுகிறார்கள். கிடைப்பது கசப்பும் புளிப்பும் கலந்த, கெட்டியான பழுப்புக் கஷாயம். ஒரு பானைக்கும் அடுத்த பானைக்கும் வீரியம் வேறுபடும். கொடியின் வயது, இலையின் அளவு, காய்ச்சும் நேரம் எல்லாமே அதைத் தீர்மானிக்கின்றன. மாத்திரைபோல் இத்தனை மில்லிகிராம் என்று எந்தக் கோப்பைக்கும் சொல்ல முடியாது.

1852-இல் பிரேசிலின் உவாப்பேஸ் ஆற்றுப் பகுதியில் துகானோ மக்கள் இந்தக் கொடியின் பானத்தைக் குடிப்பதைப் பார்த்து விவரமாக எழுதிவைத்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ். எவ்வளவு பழைய வழக்கம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பொலிவியாவின் தென்மேற்கு மலைக் குகை ஒன்றில் கிடைத்த, சுமார் 1,000 ஆண்டுப் பழமையான பையில் இந்த இரண்டு செடிகளிலும் உள்ள வேதிப்பொருள்களின் தடயம் இருந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

இனி வேதியியல். சக்ருனா இலையில் இருப்பது டைமெத்தில் டிரிப்டமைன், சுருக்கமாக டி.எம்.டி. மூளையில் செரட்டோனின் போய் அமரும் ஏற்பிகளில் இதுவும் அமர்ந்து, கண்ணை மூடினாலும் காட்சிகள் தெரியச் செய்கிறது. நினைவுகளையும் உணர்ச்சிகளையும் புரட்டிப் போடுகிறது. ஆனால் இதை மட்டும் வாயால் விழுங்கினால் ஒன்றும் நடக்காது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதி காவல் நிற்கிறது. மூளையை எட்டுவதற்குள் டி.எம்.டி.யை அது சிதைத்துவிடும். கொடியின் வேலை இங்கேதான் வருகிறது. அதிலுள்ள ஹார்மின், ஹார்மலின் என்ற இரண்டு பொருள்கள் அந்தக் காவலைச் சில மணி நேரத்துக்குச் செயலிழக்கச் செய்கின்றன. டெட்ராஹைட்ரோஹார்மின் என்ற மூன்றாவது பொருள், நரம்பு முனைகள் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இலேசாகத் தடுக்கிறது. குடித்து அரைமணியிலிருந்து ஒருமணி நேரத்துக்குள் தொடங்கும் விளைவு ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடிக்கிறது. ஆயிரக்கணக்கான செடிகள் வளரும் காட்டில், ஆய்வுக்கூடம் இல்லாத மக்கள் இந்த ஜோடியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இன்றும் வியப்புதான்.

ஆபத்து தொடங்குவதும் இதே இடத்தில்தான். அந்த நொதி நம் உடலில் டி.எம்.டி.யைத் தடுப்பதற்காக மட்டும் இருப்பதில்லை. செரட்டோனினை அளவோடு வைத்திருப்பதும் அதன் வேலை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று மிகப் பரவலாக எழுதிக்கொடுக்கப்படும் ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை. ஒருபக்கம் உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கிறது; அந்த நேரத்தில் கொடியின் கஷாயம் சிதைக்கும் வழியையும் அடைத்தால், செரட்டோனின் தேங்கிப் பெருகும். நடுக்கம், வியர்வை, தசை விறைப்பு, ஏறிக்கொண்டே போகும் உடல் வெப்பம், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கக்கூடிய நிலை இது. செரட்டோனின் நோய்க்குறித்தொகுப்பு என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர். 1998-லேயே ஜேம்ஸ் கேலவே, சார்லஸ் குரோப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்த வகை மாத்திரையையும் அயாவாஸ்காவையும் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாக எச்சரித்து எழுதினார்கள். பிரேசிலின் மனாஸ் நகரத்தில், இந்தக் கஷாயத்தைச் சமயச் சடங்காக அருந்தும் ஒரு திருச்சபையினரை 1993-இல் ஆராய்ந்த குழுவில் இருந்தவர்கள் அவர்கள். கஷாயத்தின்மேல் பகை கொண்டவர்கள் சொன்னதல்ல இந்த எச்சரிக்கை.

ஆகவே, போக நினைப்பவர் முதலில் திறக்க வேண்டியது வீட்டு மருந்துப் பெட்டியை. ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரைப் படிக்க வேண்டும். மனநல மாத்திரைகளை மட்டும் பார்த்தால் போதாது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ மூட்டுவலிக்கோ வாங்கி மிச்சம் வைத்திருக்கும் டிரமடால் வலிநிவாரணிக்கும் செரட்டோனினைக் கூட்டும் குணம் உண்டு. வறட்டு இருமலுக்குக் குடிக்கும் எத்தனையோ சிரப்புகளில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கிறது, அதுவும் அப்படித்தான். சளி மாத்திரைகள் சிலவற்றிலுள்ள சூடோஎஃபட்ரின் இந்த நொதி அடங்கியிருக்கும் நேரத்தில் இரத்த அழுத்தத்தை எகிறவைக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் லினெசோலிட், தானே இந்த நொதியைத் தடுக்கும் மருந்து. மூலிகைதானே என்று சிலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் இதே பட்டியலில்தான் வருகிறது. இருமல் சிரப்பை ஒரு மருந்தாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை. படிவத்தில் எழுத மறந்துபோவதும் அதைத்தான்.

சரி, மாத்திரையை ஒரு வாரம் முன்பு நிறுத்திவிட்டால் போதாதா? போதாது. ஃப்ளுவாக்செட்டின் உடலில் நார்ஃப்ளுவாக்செட்டின் என்ற இன்னொரு வடிவமாக மாறுகிறது. அதில் பாதி வெளியேறுவதற்கே நான்கு நாளிலிருந்து பதினாறு நாள்வரை ஆகலாம். அதனால்தான் ஃப்ளுவாக்செட்டினை நிறுத்தியபின் நொதியைத் தடுக்கும் மருந்து எதையும் தொடங்கக் குறைந்தது 5 வாரம் காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் விதி. மற்ற மாத்திரைகள் பலவற்றுக்கு 2 வாரம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வருவதோடு, அடங்கியிருந்த சோர்வும் தற்கொலை எண்ணமும் முழு வேகத்தில் திரும்பி வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரின் கண்காணிப்பில், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். விமானச் சீட்டின் தேதியை வைத்துக்கொண்டு எவரும் தாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரையில்தான் ஒருவர் நிலையாக நிற்கிறார் என்று மருத்துவர் கருதினால், கஷாயத்தைக் குடிக்காமல் இருப்பதே சரியான முடிவு.

மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, அல்லது வேறு வகை மனப்பிறழ்வு தமக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்திருந்தால் இந்தக் கஷாயம் வேண்டவே வேண்டாம். நல்ல ஆய்வுகள் எல்லாமே அத்தகையவர்களை வாசலிலேயே தவிர்த்துவிடுகின்றன. லித்தியம் சாப்பிடுகிறவர்கள், இதய நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வலிப்பு வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் இதே பதில்தான்.

இனி உணவுக்கு வருவோம். பாலாடைக்கட்டித் தடையின் கதை அமேசானில் தொடங்கவில்லை. 1950-களில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனநிலையையும் தூக்கிவிடுவதைக் கவனித்தார்கள். இந்த நொதியைத் தடுக்கும் மனச்சோர்வு மருந்துகள் அப்படிப் பிறந்தவை. கொஞ்ச காலத்தில் அவற்றைச் சாப்பிட்டவர்கள் சிலருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலியும், சிலருக்கு மூளையில் இரத்தக் கசிவும் வந்தன. பாலாடைக்கட்டி சாப்பிட்டதும் தன் மனைவிக்கு அப்படி வருவதாக நாட்டிங்காமைச் சேர்ந்த ஒரு மருந்தாளுநர் கடிதம் எழுதினார். லண்டனில் பணியாற்றிய இளம் மருத்துவர் பாரி பிளாக்வெல் அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய், 1963-இல் காரணத்தை எழுதினார். நாள்பட்ட பாலாடைக்கட்டியில் டைரமின் என்ற பொருள் ஏராளம். வழக்கமாகக் குடலிலேயே சிதைந்துவிடும் அது, நொதி இல்லாதபோது இரத்தத்தில் கலந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.

ஆனால் அந்தப் பழைய மருந்துகள் நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு அதை அழித்துவிடுபவை. உடல் புது நொதியைச் செய்து முடிக்க இரண்டு வாரம் ஆகும். கொடியின் ஹார்மின் அப்படிப்பட்டதல்ல. தற்காலிகமாக ஒட்டி, சில மணி நேரத்தில் விலகிவிடும். டைரமின் மிகுந்தால் அதற்கு இடம் விட்டுக்கொடுக்கவும் செய்யும். ஆகவே நாள்பட்ட பாலாடைக்கட்டி, கருவாடு, சோயா சாஸ், புளித்த பானங்கள் போன்றவற்றைச் சடங்கை ஒட்டிய ஓரிரு நாள் ஒதுக்கி வைப்பது நியாயமான முன்னெச்சரிக்கை. அதற்குமேல் வாரக்கணக்கில் தயிரைப் பார்த்து நடுங்க வேதியியலில் காரணம் இல்லை. உப்பு, சர்க்கரை, மிளகாய், உடலுறவு ஆகியவற்றுக்கும் இந்த நொதிக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் அந்தத் தடைகள் எதற்கு? உகயாலிக் கரையில் வாழும் ஷிபிபோ-கொனிபோ மக்களின் மருத்துவத்தில் அவற்றுக்கு இடம் உண்டு. தியேத்தா என்று அங்கே சொல்லும் பத்தியம், மருத்துவராகப் பயில்பவர் தனிக் குடிசையில் மாதக்கணக்கில் இருக்கும் நோன்பு. வேகவைத்த பச்சை வாழைக்காயும் உப்பில்லாத மீனுமே சாப்பாடு. மூலிகைச் செடி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவி உண்டு. அது பயில்பவரிடம் வந்து பாட்டும் அறிவும் கற்றுக்கொடுக்கும். உப்பு, பன்றிக் கொழுப்பு, உடலுறவு ஆகியவற்றின் வாடை அதற்குப் பிடிக்காது என்பது நம்பிக்கை. இகாரோ எனப்படும் குணமாக்கும் பாடல்கள் அந்தத் தனிமையில்தான் கிடைக்கின்றன. சித்த மருந்தோடு உப்பையும் புளியையும் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. மருத்துவர் ஆகப்போகிறவருக்கான பத்தியத்தைச் சுருக்கி, வெளியூரிலிருந்து பத்து நாளுக்கு வருபவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இடையில் யாரோ அதற்கு டைரமின் விளக்கத்தையும் ஒட்டவைத்துவிட்டார்கள். மரபு மரபாகவே மதிக்கத் தக்கது. அதற்கு அறிவியல் சாயம் பூசினால் இரண்டுக்குமே நியாயம் செய்ததாகாது.

பத்தியத்தை மதித்து இருப்பவர்கள் உடலையும் கவனிக்க வேண்டும். கஷாயம் குடித்தால் வாந்தி பெரும்பாலும் வரும். அங்குள்ளவர்கள் அதைச் சுத்திகரிப்பாகவே பார்க்கிறார்கள். பக்கத்தில் வாளி வைப்பதும் சடங்கின் பகுதிதான். பல நாள் உப்பில்லாமல் இருந்து, வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து, மேலும் மேலும் வெறும் தண்ணீரையே குடித்தால் உடலில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைப்பதும் ஆபத்து.

மனத்தைத் தயார் செய்வது பற்றி எழுதினால் உபதேசமாகிவிடும் என்று சிலர் தவிர்க்கிறார்கள். ஆனால் இதில் அறிவியல் நிறைய இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் ஆண்டனி வாலஸ் 1959-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பெயோட்டே கள்ளியிலுள்ள மெஸ்கலினைப் பரிசோதனைக்காக உட்கொண்ட வெள்ளையர்களின் அனுபவத்தையும், அதே கள்ளியை வழிபாட்டில் உண்ணும் பழங்குடி மக்களின் அனுபவத்தையும் ஒப்பிட்டார். முன்னவர்களிடம் மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கியது, சந்தேகமும் கட்டுப்பாடு இழத்தலும் தெரிந்தன. பின்னவர்களிடம் பக்தியும் ஆறுதலும் தெரிந்தன. பொருள் ஒன்றேதான், எந்த எதிர்பார்ப்போடு, யார் நடுவில், எந்த இடத்தில் உட்கொண்டார்கள் என்பதுதான் வேறு.

பிரேசிலின் நாட்டால் நகரத்தில் த்ராவுலியோ டி அராவுஜோவின் குழு செய்த ஆய்வு இன்னும் துல்லியமானது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு கொண்ட 29 பேரில் 14 பேருக்கு ஒரே ஒருமுறை அயாவாஸ்காவும், 15 பேருக்குக் கசந்து வயிற்றைப் புரட்டும்படி துத்தநாகச் சல்ஃபேட் கலந்து செய்த போலிக் கஷாயமும் கொடுத்தார்கள். பழைய மருந்துகளை முன்பே மேற்பார்வையோடு நிறுத்தியிருந்தார்கள். மறுநாளே இரண்டு குழுவிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். போலிக் கஷாயம் குடித்தவர்களுக்கும்தான். ஏழாம் நாளில் கணக்கு மாறியது: அயாவாஸ்கா குழுவில் 64 சதவீதம், போலிக் குழுவில் 27 சதவீதம். கஷாயத்துக்குத் தனி வலு இருப்பதையும், அக்கறையோடு ஒருவரைத் தயார்செய்து கூடவே உட்கார்ந்திருப்பதற்கு எத்தனை வலு இருக்கிறது என்பதையும் இந்த எண்கள் ஒருசேரக் காட்டுகின்றன. சிறிய ஆய்வுதான், ஒரு வாரக் கணக்குதான். அந்த அளவோடு இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணை மூடியபின் தெரியும் காட்சிகளுக்கு ஏன் அவ்வளவு பலம் என்பதையும் இதே குழுவினர் 2012-இல் தேடினார்கள். அயாவாஸ்கா குடித்தவர்கள் கண்ணை மூடி ஒரு படத்தைக் கற்பனை செய்தபோது, மூளையின் முதன்மைப் பார்வைப் பகுதி உண்மையில் படத்தைப் பார்க்கும்போது இயங்கும் அளவுக்கே இயங்கியது. அதாவது, அந்த இரவில் எழும் நினைவு, நினைவாக மட்டும் நிற்பதில்லை. எதிரில் நடப்பதாகத் தெரியும். இறந்த தாய் வரலாம். சிறுவயதில் நேர்ந்த கொடுமை மறுபடி நடக்கலாம். இதை முன்பே அறிந்து போகிறவருக்கும், வண்ணக் காட்சிகளை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவருக்கும் அந்த நான்கு மணி நேரம் ஒன்றாக இருக்காது. எதற்காகப் போகிறோம் என்பதை நான்கைந்து வரியில் எழுதிப் பார்ப்பதும், பயம் வந்தால் என்ன செய்வது என்று துணைவருபவரோடு பேசிவைப்பதும், ஆழ்ந்த பழைய காயம் உள்ளவர்கள் முன்பே ஓர் உளவியல் ஆலோசகரிடம் பேசத் தொடங்குவதும் இதனால்தான் முக்கியம். 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் அயாவாஸ்கா குடித்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான கணக்கெடுப்பில், பின்வந்த வாரங்களிலோ மாதங்களிலோ ஏதோ ஒரு மனத்தொல்லை இருந்ததாகப் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். அதை வளர்ச்சியின் பகுதியாகவே அவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் சுமார் 12 சதவீதம் பேர் நிபுணரின் உதவியை நாட வேண்டியிருந்தது. ஊர் திரும்பியதும் யாரிடம் பேசப்போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மையத்திடம் நாமும் கேள்வி கேட்க வேண்டும். கஷாயத்தில் இந்த இரண்டு செடிகளைத் தவிர வேறென்ன சேர்க்கிறீர்கள்? சிலர் தொயே என்ற செடியைச் சேர்க்கிறார்கள். நம் வேலியோர ஊமத்தையின் நெருங்கிய உறவு அது. அதே நஞ்சுகள்தான் அதிலும் இருக்கின்றன. தொயே கலந்த கஷாயத்தை மறுத்துவிடுவதே நல்லது. இரவில் யாருக்காவது வலிப்போ நெஞ்சுவலியோ வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எதில், எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவீர்கள்? சடங்கின்போது கஷாயம் குடிக்காமல் விழித்திருப்பவர் யார்? இருட்டில், மயக்க நிலையில் இருக்கும் பெண்களிடம் அத்துமீறிய சடங்கு மருத்துவர்களைப் பற்றிப் பலர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். பெண்கள் தனியாகப் போகாமல் நம்பிக்கையான துணையோடு போவது, பெண் உதவியாளர்கள் இருக்கிறார்களா என்று கேட்பது, தொட்டு வைத்தியம் செய்வதென்றால் எங்கே எப்படி என்று முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது எல்லாம் அவசியம். மருத்துவ வரலாறு கேட்காமல், பணம் கட்டியதும் இடம் தரும் மையத்துக்குப் போகவே கூடாது. அயாவாஸ்கா பற்றிய பாரம்பரிய அறிவையும் பயன்பாட்டையும் தேசியப் பண்பாட்டு மரபுரிமையாக 2008-இல் அறிவித்த நாடு பெரு. ஆனால் இந்தியாவில் டி.எம்.டி. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கஷாயத்தையோ பொடியையோ பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினால் குற்றவழக்கில் போய் முடியும்.

குடிக்க வேண்டாம் என்று மருத்துவரால் தடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு செய்தி. ஷிபிபோ மக்களின் பழைய வழக்கத்தில் நோயாளி கஷாயம் குடிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. குடிப்பவர் மரபு மருத்துவர்தான். ஒனான்யா என்று அழைக்கப்படும் அவர் தாமே குடித்து, நோயாளியின் உடலில் எங்கே கோளாறு என்று பார்த்து, அங்கே நோக்கி இகாரோ பாடுவார். நோயாளி பாயில் படுத்திருந்து பாட்டை வாங்கிக்கொள்வார். வருபவர் எல்லோருக்கும் கோப்பை நீட்டும் வழக்கம் வெளியூர்க்காரர்கள் பெருகிய பின்புதான் இந்த அளவுக்குப் பரவியது. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களும் இதயநோய் உள்ளவர்களும், குடிக்காமல், சடங்கு நடக்கும் மலோகா என்ற குடிலில் படுத்துப் பாட்டு மட்டும் கேட்க முடியுமா என்று மையத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.